எலெக்-டிராக் நகராமல் நின்றால்: பேட்டரியிலிருந்து மோட்டார் வரை பழுது தேடும் வரிசை

எங்கள் கொட்டகையில் ஒரு பழைய எலெக்-டிராக் இ15 நிற்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1970களின் முற்பாதியில் விற்ற, 36 வோல்ட்டில் ஓடும் தோட்ட டிராக்டர். வாங்கிய முதல் வருடம் மேட்டில் ஏறாமல் திணறியது. பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஆறையும் மாற்றினேன். புதுப் பேட்டரிகளோடு அதே மேட்டில், அதே இடத்தில், அதே மாதிரி திணறியது. கடைசியில் பார்த்தால், ஒரு கேபிள் நுனியில் பச்சை பூத்துப்போன லக், அதாவது கேபிளை டெர்மினலில் மாட்டும் உலோகத் துண்டு.

அதற்குப் பிறகு இந்த வண்டியை வாங்கிய சில நண்பர்களுக்கு உதவியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய என்னைப் போலத்தான் தடுக்கி விழுகிறார்கள்: அளப்பதற்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள், அளந்தாலும் வண்டி சும்மா நிற்கும்போது அளக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அந்த இரண்டு தவறுகளையும் தவிர்ப்பதற்காக. இ12, இ15, இ20 போன்ற பெரிய மாடல்களை, அதாவது ஆறு 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் தொடராக இணைந்தவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்று. கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனம்: மலிவான பலவும் ஏசி மட்டுமே அளக்கும், இங்கே அவற்றால் பயனில்லை. மீட்டருக்கு முதலைக் கிளிப் வைத்த நீளமான வயர்கள் இரண்டு வேண்டும். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

அப்புறம் ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி), டிஸ்டில்டு வாட்டர், ஆப்ப சோடா, கம்பி பிரஷ், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கண்ணாடி, கையுறை. உங்கள் மாடலுக்கான வயரிங் படம் இல்லாமல் எட்டாம் படிக்குப் போகாதீர்கள். மாடலுக்கு மாடல் வயரிங் வேறுபடும். முந்தைய உரிமையாளர்களின் கைவேலையும் அதில் கலந்திருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். ஆறு பேட்டரிக்கும் பெயின்டால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள், நெகட்டிவ் முனையிலிருந்து தொடங்கி. இந்த எண்கள் ஏழாம் படியில் மிகவும் உதவும்.

2. தொடுவதற்கு முன்

36 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது. அதனால்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆபத்து ஷாக்கில் இல்லை, ஷார்ட்டில் இருக்கிறது. இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காயும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அது கலைவதற்குள் டெர்மினலைக் கழற்றினால், அந்தச் சிறு பொறி போதும் பேட்டரியை வெடிக்க வைக்க. சார்ஜரை அணைத்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கை வையுங்கள்.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். புல்வெட்டும் பிளேடுகளைக் கழற்றி வையுங்கள். பழுது தேடும்போது வண்டி நீங்கள் எதிர்பாராத நொடியில்தான் உயிர் பெறும்.

3. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை

மீட்டரை எடுக்கும் முன் சாவியைப் போட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறதா? முன்னே, பின்னே இரண்டு பக்கமும் மௌனமா, ஒரு பக்கம் மட்டுமா? ‘டக்’ என்று கான்டாக்டர் (மோட்டாரின் பெரிய கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) சத்தம் கேட்கிறதா? புல்வெட்டி சுற்றுகிறதா?

இந்த ஐந்து நிமிடம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். புல்வெட்டி முழு வேகத்தில் சுற்றி வண்டி மட்டும் நகரவில்லை என்றால், பேட்டரியை ஓரளவு நம்பலாம். கோளாறு பெரும்பாலும் ஓட்டும் சர்க்யூட்டில். முன்னே போய்ப் பின்னே வரவில்லை என்றால் மோட்டாரையும் சந்தேகிக்க வேண்டாம், அந்தத் திசைக்கான கான்டாக்டரையும் சுவிட்சையும் பாருங்கள். எல்லாமே மந்தம் என்றால்தான் பேட்டரி, கேபிள்.

4. சார்ஜ் செய்யுங்கள், கூடவே சார்ஜரையும் சோதியுங்கள்

பாதி காலியான பேட்டரியில் எடுக்கும் எந்த அளவும் குழப்பத்தையே தரும். ஆகவே முதலில் முழு சார்ஜ்.

மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு நிரப்ப வேண்டும். சார்ஜ் ஆகும்போது திரவம் உப்பி மேலே வரும். முதலிலேயே நிரப்பினால் அமிலம் வழிந்து பேட்டரியின் தலை முழுக்க ஈரமாகும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் இதே தவறைச் செய்து தரையைக் கறையாக்கியவர்களுக்கு இது புரியும். அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான்.

சார்ஜரை இணைத்துவிட்டு, மொத்த பேட்டரியின் இரு கோடியிலும் வோல்ட் பாருங்கள். உடனே ஒன்றிரண்டு வோல்ட் ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜர் எதையும் தரவில்லை: டைமர், ஃபியூஸ், டயோடு என்று அங்கேயே தேடுங்கள். சார்ஜரின் மூடியைத் திறப்பதாக இருந்தால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். உள்ளே 120 வோல்ட் ஏசி இருக்கிறது, கெபாசிட்டர் இருந்தால் அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

நல்ல சார்ஜரும் நல்ல பேட்டரிகளும் சேர்ந்தால், முடியும் தறுவாயில் 44 வோல்ட்டை ஒட்டி வரும், கரண்ட் சில ஆம்பியராகக் குறைந்திருக்கும். இரவு முழுக்கப் போட்டும் 41, 42-ஐத் தாண்டாமல் கரண்ட் மட்டும் பாய்ந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட். எந்தப் பேட்டரி மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

முந்தைய உரிமையாளர் லித்தியத்துக்கு மாற்றியிருந்தால் பழைய சார்ஜரை இணைக்கவே வேண்டாம். அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும். இந்தப் படியும் அடுத்த படியில் வரும் எண்களும் ஈய-அமிலத்துக்கு மட்டும்.

5. பேட்டரி: ஓய்வில் ஒருமுறை, லோடில் ஒருமுறை

சார்ஜ் முடிந்து ஓர் இரவு கழியட்டும். சார்ஜரிலிருந்து எடுத்ததும் அளந்தால் மேல்பூச்சு வோல்ட்தான், அதாவது கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் கூடுதல் வோல்ட்தான் தெரியும். ஓய்வுக்குப் பிறகு, முழுதாக நிறைந்த 6 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 6.37 காட்டும், மொத்தம் 38.2. பாதி காலி என்றால் 6.05, மொத்தம் 36.3. ஒன்று மட்டும் 4.2 அருகே நின்றால் அதில் மூன்றில் ஒரு செல் போய்விட்டது.

அடுத்து ஹைட்ரோமீட்டர். மொத்தம் 18 செல்கள், பதினெட்டையும் எழுதுங்கள். நிறைந்த செல் 1.265 முதல் 1.280 வரை காட்டும். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம்: ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் ஊற்றிய கையோடு இதை அளக்காதீர்கள். புதுத் தண்ணீர் மேலேயே மிதக்கும், எல்லாச் செல்லும் செத்தது போலத் தெரியும். ஒரு நண்பர் இப்படி அளந்துவிட்டு ஆறு பேட்டரியையும் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றப் போனார். சார்ஜ் செய்து மறுநாள் அளந்ததில் ஐந்து நன்றாக இருந்தன.

இனிதான் முக்கியமான வேலை. ஓய்வில் 6.3 காட்டும் பேட்டரி லோடில், அதாவது மோட்டார் கரண்டை இழுக்கும்போது, 4 வோல்ட்டுக்குச் சரியலாம். தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு போயிருந்தாலும் சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகவே தெரியும். எனவே கிளிப் வயர்களை ஒரு பேட்டரியின் இரு டெர்மினலில் மாட்டி, மீட்டரை ஸ்டியரிங்கில் டேப்பால் கட்டிவிட்டு, வண்டியை இறக்கி ஒரு மேட்டில் ஏற்றுங்கள். ஆறு பேட்டரிக்கும் அதே மேடு, அதே வேகம். மூன்று நிமிடம் ஓட்டிய பிறகு வரும் எண்ணை எழுதுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்வது புதியவர்களின் பெரிய தவறு. காற்றில் சுற்றும் சக்கரத்துக்குச் சில ஆம்பியர் போதும், அந்த லோடில் எல்லாப் பேட்டரியும் பாஸாகிவிடும்.

முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரிகள் மேட்டில் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கும். ஐந்து 5.9-இல் நிற்க ஒன்று மட்டும் 5.3-க்கு இறங்கினால் அதுதான் பலவீனமானது. ஓட்ட ஓட்ட அது முதலில் காலியாகும், மற்ற ஐந்தும் அதற்குள் தலைகீழாகக் கரண்டைத் தள்ளும், அதன் செல்கள் நிரந்தரமாகக் கெடும். பேட்டரிக்கு 5.25 வோல்ட் வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா? மற்றவை ஓரிரு வயதுக்குள் என்றால் மாற்றலாம். ஐந்தாறு வயதான கூட்டத்தில் புதியதைப் போட்டால் பழையவை அதையும் தங்கள் வயதுக்கு இழுத்துக்கொள்ளும். அப்போது, வேலை செய்யும் நிலையில் உள்ள ஒரு பழைய பேட்டரியைத் தேடிப் போடுவதே சிக்கனம்.

6. கேபிளும் லக்கும்: வோல்ட் எங்கே விழுகிறது

நான் பணத்தை வீணடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஆறு பேட்டரிகளில் 12 டெர்மினல்கள். ஒவ்வொன்றிலும் ஈயத்துக்கும் லக்குக்கும் ஓர் இணைப்பு, லக்குக்கும் கம்பிக்கும் இன்னோர் இணைப்பு. கண்ணுக்குப் பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். லக்குக்குள்ளே, ரப்பர் உறைக்கு அடியில், அமிலம் ஏறிக் கம்பி பச்சைப் பொடியாகியிருக்கும்.

ஓம் அளவில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 0.005 ஓம் என்ற தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஆனால் அதன் வழியே 100 ஆம்பியர் போனால் அரை வோல்ட் விழும், 50 வாட் சூடாகும். ஆகவே இங்கேயும் லோடில்தான் அளக்க வேண்டும்: ஒரு கிளிப்பை பேட்டரியின் ஈய முளையில், லக்கில் அல்ல; இன்னொன்றை அந்தக் கேபிள் போய்ச் சேரும் அடுத்த முளையில். மேட்டில் ஏறும்போது 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. என் கேபிள் 1.8 காட்டியது. சில நிமிடம் ஓட்டி இறங்கி லக்கைத் தொட்டால் கையே சொல்லிவிடும், எச்சரிக்கையாகத் தொடுங்கள்.

கெட்ட கேபிளை மாற்றும்போது அசல் தடிமனுக்குக் குறையாதீர்கள். லக்கைச் சரியான கருவியால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். வாஷர் எப்போதும் நட்டுக்கும் லக்குக்கும் நடுவில் வர வேண்டும். லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷரைப் போடுபவர்கள் ஏராளம், கரண்ட் அந்த மோசமான கடத்தியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். ஈயம் மென்மையானது, முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கம் பாருங்கள்.

7. சேஸிக்குக் கசிவு

காரில் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும். இந்த வண்டியில் 36 வோல்ட் சர்க்யூட் சேஸியை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை, தொடாமல் தனித்து நிற்க வேண்டும். கார் பழக்கத்தில் மீட்டரின் கறுப்பு வயரைச் சேஸியில் வைத்துவிட்டு “எங்குமே வோல்ட் இல்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் பேட்டரியின் கடைசி நெகட்டிவிலிருந்தே அளங்கள்.

கசிவைத் தேட, பாசிட்டிவ் முனைக்கும் சேஸிக்கும் ஒருமுறை, நெகட்டிவ் முனைக்கும் சேஸிக்கும் ஒருமுறை அளங்கள். ஏதாவது வோல்ட் தெரிந்தால், மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பிடித்து மறுபடி பாருங்கள். வோல்ட் கீழே விழுந்துவிட்டால் அது பேட்டரித் தலையில் இருக்கும் அமில ஈரம். மூடிகளை இறுக்கி மூடி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். சோடா ஒரு துளிகூடச் செல்லுக்குள் போகக் கூடாது.

ரெசிஸ்டர் வைத்தும் வோல்ட் அசையாமல் நின்றால் உண்மையான தொடுதல். இடத்தையும் அந்த எண்ணே சொல்லும். நெகட்டிவிலிருந்து சேஸிக்கு 12.7 வோல்ட் என்றால் இரண்டு பேட்டரி தூரம், அதாவது 2-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள கேபிள் எங்கோ இரும்பில் உரசுகிறது. பெயின்டால் எண் போடச் சொன்னது இதற்குத்தான்.

8. சாவி, இண்டர்லாக், கான்டாக்டர்

வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஓட்டுகிற பெரிய கரண்ட் சாவி வழியாகப் போவதில்லை. சாவி, பிரேக் சுவிட்ச், லீவர் சுவிட்ச் (வண்டி தவறிக் கிளம்பாமல் தடுக்கும் இவைதான் இண்டர்லாக்) எல்லாம் வரிசையாக நின்று, கான்டாக்டர் காயிலுக்குச் சிறு கரண்டை அனுப்புகின்றன. வரிசையில் ஒன்று அறுந்தாலும் ‘டக்’ கேட்காது.

மீட்டரின் கறுப்பைக் கடைசி நெகட்டிவில் வைத்துவிட்டு, சிவப்பை ஃபியூஸிலிருந்து தொடங்கி வயரிங் படத்தின்படி ஒவ்வொரு சுவிட்சின் இரு பக்கமும் நகர்த்துங்கள். எங்கே 36 மறைகிறதோ அதற்கு முந்தைய சுவிட்ச்தான் கோளாறு. சுவிட்சைக் கழற்றி ஓம் பார்ப்பதைவிட இது வேகமானது, உண்மையானதும்கூட. பெடலோடு சேரும் கம்பி வளைந்து சுவிட்சை அழுத்தாமல் இருப்பதுதான் அடிக்கடி நடப்பது, சுவிட்ச் நன்றாகவே இருக்கும்.

காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 36 இருந்து சத்தம் இல்லை என்றால் காயில் அறுந்தது. சத்தம் வருகிறது, ஆனால் பெரிய முனைகளுக்குக் குறுக்கே இன்னும் முழு வோல்ட் நிற்கிறது என்றால் காண்டாக்ட் கருகியிருக்கிறது. மூடிய காண்டாக்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, கெட்டியான அட்டையைக் காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய், பிறகு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஃபியூஸ் போட்டதும் போட்டதும் எரிகிறதா? காயிலுக்குக் குறுக்கே டயோடு இருந்தால் அது ஷார்ட்டாகியிருக்கலாம், அல்லது யாரோ அதைத் திசை மாற்றி வைத்திருக்கலாம். மாற்று ஃபியூஸாகக் கார் ஃபியூஸைச் செருகாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 32 வோல்ட்டுக்குத்தான். டிசி பொறி ஏசி போலத் தானாக அணையாது. உருகிய ஃபியூஸுக்குள்ளும் எரிந்துகொண்டே இருக்கலாம். வீட்டு ஏசி சுவிட்சை இங்கே போட்டால் ஒட்டிப்போவதும் அதே காரணத்தால்தான்.

‘இண்டர்லாக் தொல்லை’ என்று அதை நிரந்தரமாக வயரால் இணைத்துவிட்ட வண்டிகளும் வருகின்றன. சோதனைக்கு ஒரு நிமிடம் இணைப்பதோடு நிறுத்துங்கள். முதல் ஆளாக ஓட்டப் போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

9. மோட்டார், கடைசியாக

இங்கே வருவதற்குள் பெரும்பாலான பழுதுகள் கிடைத்திருக்கும்.

மோட்டார் முனையில் முழு வோல்ட் வந்தும் அது சுற்றவில்லை என்றால் முதலில் கார்பன் பிரஷ். தேய்ந்து குட்டையாகி ஸ்பிரிங் அழுத்தம் போயிருக்கும், அல்லது கூட்டில் சிக்கி நிற்கும். கரித்தூளை வெற்றிட உறிஞ்சியால் எடுங்கள், அந்தத் தூளே கசிவுக்கு வழி. கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செப்பு உருளை) ஒரே சீரான பழுப்பு நிறமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், அந்தப் படலம் நல்லது.

லீவரின் முதல் நிலையில் அசையாமல் அடுத்த நிலையில் குதித்துக் கிளம்பினால், தொடக்க ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். மேட்டில் சக்தியே இல்லாமல், கரண்ட் மட்டும் தாறுமாறாக ஏறினால் ஃபீல்டு காயிலின் (மோட்டாருக்குள் காந்தப் புலத்தை உண்டாக்கும் சுருளின்) சர்க்யூட்டைப் பாருங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: ஃபீல்டு வயரைக் கழற்றிவிட்டு, சக்கரம் தூக்கிய நிலையில் ஆர்மேச்சருக்கு, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு, கரண்ட் கொடுக்காதீர்கள். ஃபீல்டு இல்லாத மோட்டார் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும்.

புல்வெட்டியில் ஒவ்வொரு பிளேடுக்கும் தனி மோட்டார். ஒன்று மட்டும் சுற்றவில்லை என்றால், பவரை அணைத்துவிட்டு அதன் வயரையும் பக்கத்து மோட்டாரின் வயரையும் மாற்றி மாட்டுங்கள். பழுது கூடவே நகர்ந்தால் வயர், அதே இடத்தில் நின்றால் மோட்டார். மாட்டும்போது பாசிட்டிவும் நெகட்டிவும் தடம் மாறினால் பிளேடு எதிர்ப்பக்கம் சுற்றும், புல்லை வெட்டாமல் மடக்கிப் படுக்கவைக்கும். அதைப் புதுப் பழுது என்று எண்ணி மறுபடி முதல் படிக்குப் போனவர் ஒருவர் உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.

10. பனிக்காலத்துக்கு முன்

இந்த வண்டிகள் அதிகம் இருக்கும் வட அமெரிக்கக் குளிரில், காலியான பேட்டரி உறைந்து வெடிப்பதும் ஒரு ‘மின்பழுது’தான். முழுதாக நிறைந்தது மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. நன்றாகக் காலியானது மைனஸ் 8, 10-லேயே கட்டியாகிவிடும். நிரப்பி, துண்டித்து நிறுத்துங்கள், மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள், 37.5-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். உறைந்த பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே எடுத்து வந்து உருகவிட்டு, பக்கவாட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சார்ஜரைத் தொடுங்கள்.